ஒரே இடத்தில் விட்ட மூன்று வரி

பெனில்தே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து காலம் தள்ளியவள். ஓய்வு பெற்றதும் ஸ்பெயினின் வயாதோலித் நகரத்து மற்ற பெண்கள் சீட்டாடப் போக, இவள் கணினியைத் திறந்து, காஸ்தீய அரசர்களின் பழைய வரலாற்றுச் சுவடிகளைப் படியெடுக்க உட்கார்ந்துவிட்டாள். கூலி கிடையாது. பதிப்பில் பெயர் வரும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குத்தான் இந்தப் பாடு.

சுவடியின் ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். முடியும்வரை ஒருவர் மற்றவருடையதைப் பார்க்கக் கூடாது. பிறகு கணினி இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தைச் சிவப்பாக்கிக் காட்டும். பெனில்தேயின் ஜோடி ஒலெகாரியோ, பக்கத்து ஊரான பாலென்சியாவில் இருக்கும் முன்னாள் லத்தீன் வாத்தியார். நேரில் பார்த்ததில்லை. பக்கம் முடிந்ததும் ஓரக் குறிப்பில் இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். கண்ணாடியை மாற்றச் சொல்லி இவள் எழுதுவாள். பூண்டு சூப் குடித்த மயக்கத்தில் தட்டச்சு செய்யாதீர்கள் என்று அவர் எழுதுவார். வருடம் போகப்போகச் சிவப்பு குறைந்தது. இருவருக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. தலைமைப் பதிப்பாளர் எதுர்னே ஒருநாள் சும்மா ஒரு பக்கத்தை மூலத்தோடு வைத்துப் பார்த்தாள். முற்றுகையின்போது ஊர்ப் பெண்கள் கோட்டைக் கதவை அடைத்ததைச் சொல்லும் மூன்று வரிகள் இருவர் படியிலும் இல்லை. அவற்றுக்கு மேலே உள்ள வரியும் அந்த மூன்றில் கடைசி வரியும் 'அரசரின் ஆட்கள் வந்தார்கள்' என்றே முடிகின்றன. கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். அந்தக் காலத்து எழுத்தர்களே சறுக்கிய சறுக்கல்தான். ஆனால் இரண்டு பேருமா, ஒரே இடத்திலா? யாரோ பார்த்து எழுதியிருக்கிறார் என்று எதுர்னே முடிவு கட்டிவிட்டாள். இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லியனுப்பினாள்: பார்த்து எழுதியவர் ஒப்புக்கொண்டால் அவர் பெயரும் பக்கங்களும் மட்டும் போகும். வாயைத் திறக்காவிட்டால் இருவருடைய ஆறு வருட உழைப்பும் குப்பைக்கு.

பெனில்தே பார்த்து எழுதவில்லை. அப்படியானால் அந்த மனுஷன்தான் என்று முதலில் கொதித்தாள். கோபம் தணிந்தபின் பயம் வந்தது. மனைவியும் போய், கண்ணும் மங்கிப்போன மனிதருக்கு இதை விட்டால் வேறு என்ன இருக்கிறது? எதுர்னேயைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நான்தான் பார்த்து எழுதினேன். அவர் பக்கத்தையெல்லாம் விட்டுடுங்க."



"காலையில அவரும் கூப்பிட்டு இதையேதான் சொன்னாரு," என்றாள் எதுர்னே. "ரெண்டு பேருமே பார்த்து எழுதினா, சுவடிய யாரும்மா படிச்சது?"

யாரும் பார்த்து எழுதவில்லை என்று எதுர்னே புரிந்துகொண்டாள்.

பக்கங்கள் தப்பின, பெயர்களும் தப்பின. ஆனால் ஒரே இடத்தில் சறுக்குகிற இருவரை வைத்துக்கொண்டு எதைச் சரிபார்ப்பது என்று எதுர்னே ஜோடியைப் பிரித்துவிட்டாள். அதில் நியாயம் இருந்தது. புது ஜோடியோடு பெனில்தே முடித்த முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு. பதிப்புக்கு இதுதான் நல்லது என்று எதுர்னே பாராட்டி எழுதினாள். பெனில்தே அதைப் படித்துவிட்டு அழுதாள்.