அசல் தேக்குக் கதவு

மரவேலைக்குப் பேர்போன எங்கள் கடற்கரை ஊர் ஜெப்பாராவில் காஸ்முரி என்றால் யாருக்கும் சட்டென்று தெரியாது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மரச்சட்டம் செய்கிறவர்கள் இங்கே தெருவுக்குப் பத்துப் பேர். ஆனால் அவருடைய கொட்டகையில் உப்புத்தாள் தேய்த்தே என் பாதி ஆயுசு போயிருக்கிறது. அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. எனக்கு அண்ணன் வயது, காங் என்றுதான் கூப்பிடுவேன்.

வாய் ஜாஸ்தியான மனுஷன். மரத்தின் ஓரத்தைச் செதுக்குகிற ரவுட்டர் மெஷினைக் கையில் எடுத்தால் மட்டும் வாய் மூடிவிடும். சட்டத்தின் விளிம்பில் அதை ஓட்டினால், கரையில் அலை மடிவது போல ஓரம் மடிந்து வரும். நான் தேய்க்க அநேகமாக ஒன்றுமே இருக்காது.

"உன் கூலியையும் நானே எடுத்துக்கிறேன் ருக்காயா" என்று சீண்டுவார்.

"எடுத்துக்கோங்க காங். கூடவே என் மாமியாரையும் எடுத்துக்கோங்க."

போன வருஷ மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. காப்பித் தம்ளரைத் தூக்கவே இடது கை துணைக்கு வர வேண்டும், ரவுட்டரின் கனத்தை அந்தக் கை எங்கே தாங்கும்? கேட்டால்தானே! வீம்புக்கு ஒருநாள் எடுத்தார். மெஷின் நழுவி, முடித்து வைத்த சட்டத்தைக் குதறிவிட்டு, அவர் பாதத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் மனைவி தஸ்ரிபா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னொரு தடவ இதக் கையில பாத்தேன், நான் எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன்."

செமாராங் நகரத்தில் இருக்கும் காங்கின் தம்பி, ஒரு கடையில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்தான். நோன்புப் பெருநாள் கழிந்ததும் வந்து சேர வேண்டும். அந்த வாயும் அந்தக் கையும் யாரோ ஒருவர் கடை வாசலில் நாற்காலி போட்டுக் கொட்டாவி விடப்போகின்றன என்று நினைக்கவே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

யோசனை தேங்காயில் வந்தது. தஸ்ரிபா அடுப்படியில் துருவிக்கொண்டிருந்ததை வெறித்துக்கொண்டிருந்த காங், திடீரென்று எழுந்து கத்தினார். "துருவுற பலகை அசையுதா பாரு! தேங்காதானே அசையுது!"

"இதக் கண்டுபிடிக்கவா இத்தன வருஷம் என் சோத்தத் தின்னீங்க?" என்றார் தஸ்ரிபா.

மெஷினைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் திருகிவிடுவது. வெட்டும் முனை மட்டும் ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். மரத்தை அதன்மேல் தள்ளிக்கொண்டு போனால் போதும். பிடிக்க முடியாத கையாலும் தள்ள முடியுமே!

கால்களுக்குப் பழைய கட்டில் ஒன்று கிடைத்தது. மேலே போடப் பலகைதான் கிடைக்கவில்லை. அது மயிரிழை வளைந்தாலும் சட்டத்தின் ஓரம் கோணிவிடும். மரத்தாலேயே பிழைக்கிற ஊர், மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் எல்லாத் தேக்கும் ஏதோ ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று தேறியது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை முறையாக அவரே செய்து பெண் வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு தஸ்ரிபாவோடு இங்கே வந்த அலமாரியின் கதவு. முழுத் தேக்கு என்று, மீன்பிடிக்கிற மாமனார் கரையெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட கதவு.

மட்டக்கோலை அதன்மேல் வைப்பார், எடுப்பார், பெருமூச்சு விடுவார். தஸ்ரிபாவிடம் வாய் திறந்து கேட்கமாட்டார்.

"கேட்டாத்தான் என்ன காங்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கெட" என்று எரிந்து விழுந்தார்.

ஒருநாள் காலையில் போனால் அந்தக் கதவு கீல் கழன்று கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் தஸ்ரிபா, கையில் திருப்புளியோடு.

"ம், வெட்டுங்க."

காங்கின் முகம் வெளிறிவிட்டது. "வேணாம். கல்யாணக் கதவு. நான் செமாராங்குக்கே போறேன்."

"வெட்டுங்கன்னா வெட்டுங்க."

நடுவில் ஓட்டை போட்டார். வட்டமாக ஒரு துண்டு கீழே விழுந்தது, நான் எடுத்துப் பார்த்தேன். மேலே காகிதக் கனத்துக்குத் தேக்கு, உள்ளே அடுக்கடுக்காக பிளைவுட். விளிம்பில் தேக்குப் பட்டி ஒட்டி மறைத்திருக்கிறார். ஜெப்பாராவில் பெண்ணெடுக்கப் போகிறவன் பிளைவுட் அலமாரி கொண்டுபோனான் என்றால் அவன் பேரப்பிள்ளை காலம் வரை சொல்லிச் சிரிப்பார்கள். மனுஷன் ஏன் வெளிறிப்போனார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்ப தேக்கு வாங்க வக்கில்ல..." என்று இழுத்தார்.

தஸ்ரிபா துண்டை என்னிடமிருந்து வாங்கித் தூசியை ஊதினார். "நானும் இந்த ஊர்ல பொறந்தவதான். எந்த மழைக்கும் உப்பல, எந்த வெயிலுக்கும் வளையல. தேக்கு இப்படி அடங்கிக் கெடக்குமா? மொத வருஷமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எங்கப்பா பெருமையாப் பேசிட்டிருந்தாரு. நீங்களும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னீங்க. அதக் கெடுப்பானேன்?"

காங் அழுதுவிட்டார். நானும்தான், பொய் சொல்வானேன்.

மெஷினைத் திருகினார். மரம் விலகாமல் இருக்க நேரான கட்டை ஒன்றை அணையாக வைத்து இறுக்கினார். ஸ்விட்சைப் போட்டு, கையில் பிடித்து ஓட்டிய பழக்கத்தில் ஒரு மரத்துண்டை இடமிருந்து வலமாகத் தள்ளினார். துண்டு பறந்துபோய்க் கோழிக்கூண்டில் விழுந்தது.

"மெஷினத் தலைகீழா மாட்டிட்டு, பழைய பக்கமே தள்ளுனா எப்படி காங்?" என்றேன்.

அடுத்த துண்டை வலப்பக்கமிருந்து மெல்லத் தள்ளினார். அந்தப் பழைய அலை அப்படியே மடிந்து வந்தது. விரலால் தடவினேன், தேய்க்க ஒன்றுமில்லை. "போச்சு என் கூலி" என்றேன். அவர் தம்பிக்குப் போன் போட்டார். "வேற ஆளப் பாத்துக்கோடா. எனக்கு இங்க வேல கெடக்கு."

அந்த மேசையில் முதலில் செய்தது கண்ணாடிச் சட்டமில்லை, அலமாரிக்குப் புதுக் கதவு. இந்தத் தடவை முழுத் தேக்கு. தேய்த்தவள் நான், சத்தியம் பண்ணுவேன். இந்த வருஷம் மழை தொடங்கியதும் அது ஒரு மூலையில் முறுக்கிக்கொண்டது. சாத்தவே முடியவில்லை. சீவித் தருகிறேன் என்று காங் இழைப்புளியோடு போனால் தஸ்ரிபா விரட்டுகிறார். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூட்டிப்போய் அந்தச் சாத்தாத கதவைக் காட்டுகிறார்.

"பாருங்க எப்படி வளைஞ்சிருக்குன்னு. அசல் தேக்கு. எங்க வீட்டுக்காரர் செஞ்சது."