மூன்றாம் கட்டத்துப் பாதை

பிஷ்கேக் நகரத்தின் வடக்கு ஓரத்தில் மம்பெதாலியிடம் ஆசி வாங்காத வீடு கிடையாது. கல்யாணம், சுன்னத்து, புதுக் கார், புது அடுப்பு, எதுவானாலும் அவருக்கு ஆள் வந்துவிடும். போவார், தொப்பியைச் சரிசெய்துகொள்வார், இரண்டு உள்ளங்கைகளையும் வானம் பார்க்க விரிப்பார். அப்புறம் சொல் தானாக வரும், அடிக்கு அடி எதுகை விழும். முடிந்ததும் கூடியிருப்பவர்கள் முகத்தைக் கையால் வழித்துக்கொண்டு "ஓமீன்" என்பார்கள்.

"கடைக்காரன் புதுப் பூட்டு வாங்கினாக்கூட இவரைத்தான் கூப்பிடுறான்," என்பாள் அவர் மனைவி புருல்கான். "ஊருக்கெல்லாம் வாயால அள்ளிக் குடுக்குறாரு. நம்ம கூரை ஒழுகுறதுக்கு ஒரு ஆசி சொல்லுங்கன்னா, ஏணி எங்கேங்கிறாரு."

மம்பெதாலி மலைநாட்டில் ஆடு மேய்த்தவரின் மகன். பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்ததைவிடக் குதிரை மேல் உட்கார்ந்ததுதான் அதிகம். பட்டாளத்தில் லாரி ஓட்டக் கற்றார். பிறகு கூட்டுப் பண்ணையின் தீவனக் கிடங்கில் டிரைவர் வேலை கிடைத்தது. கிடங்குக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று மூன்று வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், அதில் ஒன்று அவருடையது. பண்ணை கலைந்தபோது பழைய லாரி ஒன்று அவர் பங்குக்கு வந்தது. அதிலிருந்து குளிர் மாதங்களில் வீடு வீடாக நிலக்கரி இறக்குவதுதான் பிழைப்பு. தாடி வெள்ளை, கழுத்து எப்போதும் கறுப்பு.

வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர, கிடங்கு மைதானத்தின் ஓரமாக ஒரு வண்டிப் பாதை. லாரி போன தடம்தான் பாதை. அது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் மைதானமும் பண்ணை, வீடும் பண்ணை, லாரியும் பண்ணை. ஒரே சட்டையின் இரண்டு பைகளுக்கு நடுவில் எவன் பாதைக்குப் பத்திரம் எழுதுவான்?

கிடங்கு மைதானத்தை ஒரு கம்பெனி வாங்கியது. முக்காலியில் அளவுக் கருவி வைத்து அளந்தார்கள். அளந்த பையன்களுக்கு மம்பெதாலியே டீயும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தார். கொஞ்ச நாளில் கரண்ட் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்த மூன்று பின்வீடுகளில் ஒன்றில் இருக்கும் ஜூரா டீச்சர்தான் அதைப் படித்துச் சொன்னாள். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள், தனி ஆள், நாக்கு கூர்மை.

"மாகே, நம்ம மைதானத்தை மனை மனையாப் பிரிக்கப் போறாங்க," என்றாள். பெரியவர்களின் பெயரை முழுசாகச் சொல்லாமல் சுருக்கிக் கூப்பிடுவது அங்கே மரியாதை. "முதல் கட்டம் கீழே கடை, மேலே வீடு. ரெண்டாம் கட்டம் அடுக்குமாடி. மூணாம் கட்டம் பூங்கா, அப்புறம் பின்வீடுகளுக்கு ரோடு."

"ரோடு வருதா? நல்லதுதானே."

"எங்கே நல்லது? இப்ப நாம போற தடம் முதல் கட்டத்துக்குள்ள இருக்கு. அதுல கடை வரும். புது ரோடு மூணாம் கட்டத்துல. நடுவுல நாம என்ன, பறந்து போறதா?"

நகராட்சி ஒப்புதல் கொடுக்கும் முன்னால் மக்களைக் கேட்கவேண்டும் என்று சட்டம். கூட்டம் கலாசார மண்டபத்தில். பின்வீட்டார் சார்பில் மம்பெதாலி பேசுவதென்று முடிவாயிற்று. ஜூரா டீச்சர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள்: முதலில் பாதை, அப்புறம் கட்டடம். அவர் அதைக் கரி இறக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மண்டபத்தில் சுவரில் வரைபடம் மாட்டியிருந்தது. மஞ்சள், நீலம், பச்சை என்று மூன்று நிறம். நகராட்சி அதிகாரி எசென் இளைஞன், நல்ல சட்டை, நல்ல பேச்சு. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"காரியத்தைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆசி வேணும். சபையில வெண்தாடிப் பெரியவர் யாராவது இருக்கீங்களா?"

அவன் தந்திரமாகக் கேட்கவில்லை. அங்கே எந்தக் கூட்டமும் அப்படித்தான் தொடங்கும். எல்லாத் தலைகளும் மம்பெதாலி பக்கம் திரும்பின. எழுந்துவிட்டார். யாராவது ஆசி கேட்டால் அவர் உட்கார்ந்திருந்ததே இல்லை. கால் தானாக எழுந்தது, கை தானாக விரிந்தது.

"தொடங்கின காரியம் தடையில்லாம முடியட்டும். எழுப்புற சுவர் சாயாம நிக்கட்டும். அடுப்புல பால் பொங்கட்டும், கதவுல விருந்து தங்கட்டும். போற வழி வெள்ளையா இருக்கட்டும்."

வெள்ளை வழி என்றால் அங்கே தடங்கலில்லாத நல்ல வழி. "ஓமீன்," என்றது மண்டபம் முழுவதும். கம்பெனிக்காரர்களும் முகத்தை வழித்துக்கொண்டார்கள். ஜூரா டீச்சர் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

எசென் நிறம் நிறமாக விளக்கினான். பிறகு கேள்வி கேட்கலாம் என்றான். மம்பெதாலி மறுபடி எழுந்தார்.

"தம்பி, முதல்ல பாதை, அப்புறம் கட்டடம். பின்னாடி மூணு வீடு இருக்கு. என் லாரி இருக்கு."

"பாதை இருக்கு தாத்தா. பச்சையில பாருங்க, மூணாம் கட்டம்."

"அதை முதல் கட்டத்துல வைங்க. அதுவரைக்கும் எதையும் பிரிக்காதீங்க."

எசென் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, பேரன் தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "தாத்தா, இப்பத்தான் தடையில்லாம முடியட்டும்னு சொன்னீங்க. எங்க கை இன்னும் முகத்தைவிட்டு இறங்கல. அதுக்குள்ள நீங்களே தடை போடுறீங்களே?"

மண்டபம் சிரித்தது. மம்பெதாலியும் சிரித்துவிட்டார். வாய்க்குள் இருந்த மிச்ச வாக்கியம் எங்கேயோ விழுந்துவிட்டது. ஜூரா டீச்சர் எழுந்து பேசினாள், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். யாரும் மறுக்கவில்லை, குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். கை தூக்கச் சொன்னபோது எதிர்ப்பாக எழுந்த கைகள் பின்வீட்டுக் கைகள் மட்டும்தான். மம்பெதாலியின் கை பாதி வரை எழுந்து, தாடியைத் தடவிக்கொண்டு இறங்கியது.

வெளியே வந்ததும் ஜூரா டீச்சர் பிடித்துக்கொண்டாள். "திருப்பிப் போடுங்க மாகே. புறங்கையை மேல வச்சு ஒரு தடவை சொல்லுங்க. எல்லாரும் இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க. இந்த ஊர்ல அதுக்குத்தான் பயப்படுவாங்க, என் கணக்குக்குப் பயப்பட மாட்டாங்க."

உள்ளங்கை மேலே இருந்தால் ஆசி, புறங்கை மேலே வந்தால் சாபம். மம்பெதாலி கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டார்.

"அவங்க கட்டுற வீட்டுல நாளைக்குக் குழந்தைங்க இருக்கும் டீச்சர்."

"நம்ம வீட்டுல?"

அவர் கையைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டைப் பார்த்து நடந்தார்.

முதல் கட்டத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. வசந்தத்தில் நீலத் தகர வேலி போடத் தொடங்கினார்கள். லாரியை வெளியே நிறுத்துங்கள் என்று மகன் பெக்ஜான் சொல்லிப் பார்த்தான். "கேட் விடுவாங்கடா, மனுஷங்கதானே," என்றார். அவர்கள் விட்டது சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாக நுழையும் சந்து. லாரி முற்றத்தில் மாட்டிக்கொண்டது.

நகராட்சிக்குப் போனார். எசென் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தான்.

"முதல் கட்டம் தனி ஒப்புதல் தாத்தா. ரெண்டாவது பரிசீலனையில இருக்கு. மூணாவதுக்குக் கம்பெனி இன்னும் விண்ணப்பமே குடுக்கல. குடுக்காததை நான் எப்படி ஒப்புக்கொள்ளுறது?"

"அப்ப பாதை?"

"திட்டத்துல இருக்கு. நிலத்துலதான் இல்ல." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் சங்கடப்பட்டான். "கூட்டத்துக் குறிப்புலயும் பெரியவங்க ஆசியோட மக்கள் ஏத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கு. நீங்கதானே சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்," என்றார் மம்பெதாலி. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வைத்த டீயை விட்டுவிட்டு எழுவது அவருக்குத் தெரியாது.

அந்தக் குளிர்காலம் அவர் கரி இறக்கவில்லை. அவர் கரி கொடுத்த வீடுகளையெல்லாம் வேறு லாரிக்காரன் பிடித்துக்கொண்டான். மம்பெதாலி வீட்டுக்கு வாங்கிய கரியையும் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போனான். பெக்ஜானும் அவரும் சாக்கில் கட்டிச் சந்து வழியாகச் சுமந்தார்கள். மருமகள் அய்ஸாதாவுக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் ரோட்டோடு நின்றது. நிறைமாத வயிறு சந்தில் நுழையவில்லை. பெக்ஜான் கடப்பாரையால் ஒரு தகரத்தை நெம்பி வளைத்தான். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள், ரோஜாக் கன்னம், தலை நிறைய முடி. புருல்கான் அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் கம்பெனி ஆள் வந்து வளைந்த தகரத்தைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டுப் போனான்.

"பொண்ணு பிறந்திருக்கா, இனிப்பு சாப்பிட்டுப் போப்பா," என்றாள் புருல்கான். "தகரத்துக்குத் தனியா ஒண்ணு குடுத்தனுப்புறேன்."

அடுத்த கோடையில் லாரியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார். முழுசாக வெளியே எடுக்க வழியில்லை. வெட்டுகிறவன் வந்து அதைத் துண்டு துண்டாக வெட்டினான். கதவு, பானெட், சக்கரம் என்று ஒவ்வொன்றாகச் சந்து வழியாகப் போயிற்று. மம்பெதாலியும் ஒரு கதவைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தார். என்ஜின் மட்டும் போகவில்லை. இன்னும் வாதுமை மரத்தடியில் கிடக்கிறது, கோழி அதன்மேல் உட்காருகிறது.

கடைகளுக்கு மேலே ஜன்னல்களில் திரை தொங்கியது. அடுக்குமாடியும் எழும்பியது. ஒருநாள் கம்பத்தில் புதுத் தாள். ஜூரா டீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். மூன்றாம் கட்டத்து நிலத்தையும் மனையாகப் பிரித்து விற்கத் திருத்தம் கேட்டிருந்தார்கள்.

"இதுல பச்சையே இல்ல மாகே."

"கூட்டம் உண்டா?"

"திருத்தத்துக்குக் கூட்டம் வேண்டாமாம். போன தடவை வாங்கின சம்மதமே போதுமாம்."

பேத்தி நிற்கத் தொடங்கியிருந்தாள். நிற்கத் தொடங்கிய பிள்ளையின் கணுக்கால்களை வெள்ளையும் கறுப்பும் முறுக்கிய நூலால் கட்டி, தூரத்திலிருந்து பிள்ளைகளை ஓடவிடுவார்கள். முதலில் வந்து சேருகிற பிள்ளை நூலை அறுக்கும். அறுத்தால் பிள்ளையின் வழி திறக்கும். பெக்ஜானுக்கு நூல் கட்டிய காலத்தில் பிள்ளைகள் ரோட்டு முனையிலிருந்து ஓடிவந்தார்கள், புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இப்போது பிள்ளைகளைத் தகரத்தில் முதுகு ஒட்டி நிற்கவைத்தார்கள்.

"ஓடுங்க," என்றான் பெக்ஜான்.

ஓடுவதற்குள் வந்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். யார் முதல் என்று சண்டை வந்தது. புருல்கான் யாரோ ஒரு பையன் கையில் கத்தியைக் கொடுத்து அறுக்கச் சொன்னாள்.

மம்பெதாலி பேத்திக்கு எதிரே நின்று கைகளை விரித்தார்.

"கால் பலமா இருக்கட்டும். கண் தெளிவா இருக்கட்டும். பசிக்கு ரொட்டி, குளிருக்குப் போர்வை..." அடுத்த அடி எல்லாருக்கும் தெரியும். அந்த ஆசியே அந்த அடிக்காகத்தான். போற வழி வெள்ளையா இருக்கட்டும். கூட்டம் கைகளை முகத்தருகே கொண்டுபோய்க் காத்திருந்தது.

அவர் வாய் திறந்திருந்தது. கைகள் விரிந்தபடியே இருந்தன.

"இருமல் வருதாங்க?" என்றாள் புருல்கான் மெதுவாக. "தண்ணி வேணுமா?"

"போதும்," என்றார். "சொல்லியாச்சு."

"ஓமீன்," என்றார்கள், கொஞ்சம் முன்னும் பின்னுமாக. அவர் விட்ட அடியைக் கவனித்தது ஜூரா டீச்சர் மட்டும்தான். அவள் தலை குனிந்து சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

பேத்தி தடுமாறித் தடுமாறி நடந்துபோய், நேரே தகரத்தில் இரண்டு கைகளையும் வைத்தாள். தட்டினாள். சத்தம் வந்தது அவளுக்குப் பிடித்துப்போய், திரும்பித் தாத்தாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி தட்டினாள்.