நாற்பதாவது கைக்குட்டை

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தனசிங்குக்குப் பேருந்தில் இடம் கிடைக்காமல் போனதே இல்லை. வண்டி நிலையத்துக்குள் வளையும்போதே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்துவிடுவார். அது விழுந்த இருக்கை அவருடையது. முப்பத்தாறு வயதுவரை வேறு எதையும் அவர் இவ்வளவு உறுதியாகத் தன்னுடையது என்று சொன்னதில்லை.

2003இல் அவர் அமீர்பேட்டில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் லேப் பொறுப்பாளர். மாணவர்களின் கணினிகள் எல்லாம் ஒரே டேட்டாபேஸ் சர்வரை நம்பி இருந்தன. அது ஒரே சமயத்தில் நாற்பது இணைப்புகளைத்தான் ஏற்கும். அதற்கு மேல் கதவைச் சாத்திவிடும். ஆனால் தினமும் காலை ஒன்பதரைக்கு, லேபில் இருபது பேர்கூட இல்லாதபோதே, சாத்திக்கொண்டது.

நிலையத்தின் உரிமையாளர் பக்தவத்சலம் கத்தினார். "மறுபடியும் ஹேங்கா? சனிக்கிழமை கம்பெனிக்காரங்க டெஸ்ட் வைக்க வர்றாங்க. நாப்பது பசங்க. அதுல ஒருத்தர் வெளியில நின்னாலும் திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம், தனசிங்."

"ஹவ் சார்," என்று செகந்திராபாத் உருதுவில் ஆமாம் போட்டார் தனசிங்.

தனசிங் கேபிளை மாற்றினார். சர்வரை அணைத்துப் போட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வேலை போகிற பயத்தில் வாஸ்துப்படி சர்வர் மேசையைக் கிழக்கே திருப்பியும் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் ஓடியது. பிறகு பழைய கதைதான்.

புதன்கிழமை, சர்வரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தார். அஸ்வினி என்ற மாணவியின் பெயரில் மட்டும் ஐந்து இணைப்புகள்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு அஞ்சு கைக்கு? எதுக்கு இத்தனை?"

"ஒண்ணு எனக்கு சார். மூணு, ஹாஸ்டல்ல குளிச்சிட்டிருக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு. லேட்டா வந்தா இடம் கிடைக்காதுல்ல?"

"அஞ்சாவது?"

"மத்த நாலும் ஹேங் ஆயிட்டா?"

எல்லோரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். சர்வர் நிற்க நிற்க இடம் பிடித்தார்கள். இடம் பிடிக்கப் பிடிக்க அது நின்றது. தனசிங்கால் கோபப்படவும் முடியவில்லை. பேருந்தில் அவர் தினமும் செய்வதும் இதுதானே?

அதிகப்படியானதை மூடச் சொன்னார். அடுத்தவர் முதலில் மூடட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். அதனால் மறுநாள் லேபின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகள் நாற்பதை அதில் மாட்டினார். உள்ளே வருகிறவர் தன் கைக்குட்டையை ஒரு கிளிப்பில் தொங்கவிட்டு ஓர் இணைப்பைத் திறக்க வேண்டும். போகும்போது அதை மூடிவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இது லேபா, லாண்டரியா?" என்றார் பக்தவத்சலம்.

"டென்ஷன் நக்கோ சார். ஓடுது பாருங்க."

உண்மையிலேயே ஓடியது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முப்பது பேருக்கு மேல் வரவில்லை.

சனிக்கிழமை நாற்பது பேரும் வந்தார்கள். நாற்பது கைக்குட்டைகள் தொங்கின. கம்பெனி அதிகாரி அவற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. முப்பத்தொன்பது பேர் சர்வருக்குள் போனார்கள். அஸ்வினிக்கு மட்டும் இணைப்பு கிடைக்கவில்லை.

"சார், சத்தியமா ஒண்ணுதான் தொறந்தேன்!"

தனசிங் பட்டியலைப் பார்த்தார். நாற்பதாவது இணைப்பு பக்தவத்சலத்தின் அறையிலிருந்து வந்தது. சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் காட்ட அங்கே ஒரு பெரிய திரை இருந்தது. எத்தனை மாணவர்கள் பயில்கிறார்கள் என்று அது நொடிக்கொரு தடவை சர்வரிடம் கேட்டுக் காட்டும். தனசிங் அந்த இணைப்பைத் துண்டித்தார். அஸ்வினி பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் அது தானாக மறுபடி ஒட்டிக்கொண்டது. மீண்டும் துண்டித்தார். மீண்டும் ஒட்டிக்கொண்டது. தனக்கு முன்னால் ஒருவன் கைக்குட்டையை எறிந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தெரிந்தது.

மூடிய அறைக்குள்ளிருந்து பக்தவத்சலத்தின் குரல் கேட்டது. "எங்க சர்வர் நின்னதா சரித்திரமே இல்லைங்க."

அவரிடம் கேட்டுப் பயனில்லை. தனசிங் அந்த அறைக்குப் போகும் வயரைப் பிடுங்கினார்.

அஸ்வினிக்கு இணைப்பு கிடைத்துவிட்டது. அறைக் கதவு படாரென்று திறந்தது. "தனசிங்! ஸ்கிரீன் போச்சு! பேரண்ட்ஸ் முன்னாடி மானம் போகுது!"

வயரும் கையுமாக நின்ற தனசிங் கயிற்றைக் காட்டினார். "நாப்பதும் ஃபுல் சார். உங்க கைக்குட்டை எங்க?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பக்தவத்சலம் தன்னையறியாமல் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காலி கிளிப் தேடினார்.

"எப்பங்க காலியாகும்?"

"அரை மணி ஆகும் சார். உட்காருங்க."

நாற்பது பேரில் ஒருவரும் வெளியில் நிற்கவில்லை. அதனால் திங்கட்கிழமை தனசிங் வேலைக்கு வந்தார். லேபில் இன்னும் யாரும் இல்லை. ஆனால் முதல் கிளிப்பில் ஒரு கைக்குட்டை தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி காலை ஆறரைக்கே வந்து அதை மாட்டிவிட்டு, தூங்க வீட்டுக்குப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார்.