பெயர் தேய்ந்த தகடு

கண்ணை மூடினால் ஆங்கில எழுத்துப் பொறித்த அந்தப் பித்தளைத் தகடுதான் முதலில் வரும். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் செங்கல் தெரியும் ஒரு பழைய மாடிக் கட்டடம். அதன் வாசலையொட்டிய சுவரில், காலை வெயில் பட்டதும் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடும் மஞ்சள் வெளிச்சம். அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பது அம்மாவின் வேலை. பள்ளி விடுமுறையில் என்னையும் அழைத்துப்போவார். தகட்டைத் துடைக்க அலுவலகத்தில் துணி மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். அம்மாவோ, வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும் அதே புளியையும் சாம்பலையும் வெள்ளிக்கிழமைதோறும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, எழுத்து எழுத்தாகத் தேய்ப்பார்.

"என்னக்கா, வெள்ளக்காரனுக்கு அபிஷேகமா?" என்று காவலாளி கிண்டலடிப்பார்.

"செவுத்துல பேரு போட்டிருக்குன்னா பெரிய மனுஷந்தானே? மூஞ்சி கழுவிவிட வேணாமா?" என்பார் அம்மா, திரும்பாமலே.

ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; அதை இன்றும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய நாள்களில் ஒரு காலை, தகட்டை விரலால் தடவிப் படித்தேன். 'திறந்துவைத்தவர்' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தது. அடுத்து பெயர் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோல் வழவழத்தது.

"பேரு தேஞ்சி போச்சும்மா" என்றேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. யாரும் அவரைத் திட்டவில்லை. அலுவலக மேலாளர்கூட "பரவால்ல லா" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனால் 'ஒரு மனுஷன் பேர அழிச்சிட்டேனே' என்ற நினைப்பு அம்மாவை விடவில்லை. அதன்பின் தகட்டைத் தொடவே இல்லை. சில மாதங்களில் வேலையையும் மாற்றிக்கொண்டார்.

இப்போது நான் பழைய கட்டடங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள், சிறுவர்கள் நிற்கும் உயரத்தில் வைக்கத் தமிழில் ஒரு பலகை எழுதித் தரச் சொன்னார்கள். பழைய தகட்டை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதன் கீழே நான் எழுதியது இது: "கட்டடத்துக்குப் பேச வராது. 'நீ யார்?' என்று நாம் கேட்டால் பதில் சொல்வதற்காகத்தான் இப்படி ஒரு தகட்டைச் சுவரில் வைக்கிறார்கள். மேலே உள்ள தகட்டில் ஒரு பெயர் தேய்ந்திருக்கிறது. யாரும் அதை அழிக்கவில்லை. ஒருவர் பல ஆண்டுகள் அதை அன்போடு துலக்கினார். தொட்டுப் பாருங்கள்."

வந்து பார்க்க அம்மாவை அழைத்தேன். "அந்தச் செவுத்து மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று மறுத்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, "தெருவுலயே நிப்பேன், கிட்ட கூப்பிடக் கூடாது" என்ற நிபந்தனையோடு, நாங்கள் இப்போது வசிக்கும் கிள்ளானிலிருந்து என்னுடன் ரயிலேறினார். சேலைக் கடைப் பாட்டும் மல்லிகை வாசமும் மோனோரயிலின் இரைச்சலும் ஒன்றாகக் கரைந்த அந்தக் காலை, தூக்கத்துக்குள் நடப்பதுபோல் இருந்தது. சுவரருகே பள்ளிப் பிள்ளைகள். ஒரு சிறுமி பலகையை உரக்க வாசித்தாள். முடித்ததும் ஆளுக்கொரு விரல் தகட்டின்மேல் விழுந்தது.

"எவ்ளோ ஸ்மூத்தா இருக்கு லா!"

தெருவோரம் நின்ற அம்மா ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்தார். பிள்ளைகள் போனபின் தானும் தொட்டார்.

"அவரு பேரு என்னாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

இத்தனை ஆண்டுகளில் அம்மா அதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தகடு தேய்வதற்கு முன் எடுத்த பழைய புகைப்படமொன்றில் பார்த்திருந்த அந்த நீண்ட ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். பாதியில் அவருக்கு நாக்கு இடறியது. மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு முழுதாக வந்துவிட்டது.

"இம்புட்டு நீளமா! அதான் தேச்சி மாளல" என்று சிரித்தார்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.