வலது றெக்கை

அஞ்சலாட்சிக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. நாலு பேர் எதிரில் வாய் திறப்பது அவளுக்கு எப்போதுமே வராது. சாரம் பகுதியில் ஒரே தெருவில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. புடவைக்கு ஃபால் தைத்துக் கொடுப்பாள். கொண்டு வருகிறவர்கள் பேசுவார்கள், இவள் தலையை ஆட்டுவாள். ஆனால் கண் சும்மா இருக்காது. எந்த வீட்டுக் கொடியில் நேற்றைய துணி இன்னும் எடுக்காமல் கிடக்கிறது, எந்த மருமகள் மூன்று நாளாக வாசல் தெளிக்க வரவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் புருஷோத்தமனுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை. பகலெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்கும் கதவுக்கும் ரெசின் பசை பூசிவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்தும் ரெசின் டப்பாவைத்தான் திறப்பார். பின்னறையில் கிளைடர் செய்வார். எஞ்சின் இல்லாத சின்ன விமானம். ஆள் உட்காருகிறதில்லை, ஆனால் இரண்டு றெக்கையையும் சேர்த்து வைத்தால் அந்த அறையின் அகலம் வரும். மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நாலைந்து சிநேகிதர்களும் கூடுவார்கள். நீளமான ரப்பர் கயிற்றை இழுத்து விட்டால் அது விர்ரென்று மேலே போகும். காற்று கிடைத்துவிட்டால் பருந்து மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே நின்று ரிமோட்டில் திருப்புவார்கள்.

எதிர்வீட்டு ஆதிலட்சுமிக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னா அஞ்சலா, பொண்ணையே கட்டிக் குடுத்தாச்சி. உங்க ஊட்டுக்காரரு இன்னும் பட்டம் உட்டுக்கிட்டுத் திரியறாரே?" என்பாள். அஞ்சலாட்சி சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். அது பட்டம் இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தப் புருஷோத்தமன் மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டறையில் கையில் பிரஷ்ஷோடு சரிந்தார். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். சனிக்கிழமை போய்விட்டார். வயது ஐம்பத்திரண்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபின் யாகூப் பாய் வந்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புருஷோத்தமனுக்கு ரொம்ப நெருக்கம். பின்னறை வாசல்வரை வந்தவர் உள்ளே கால் வைக்காமல் நின்றார்.

"அண்ணி, அண்ணனோட கடைசி பிளேன் உள்ள கெடக்குது. இடது றெக்க முடிஞ்சிட்டுது. வலதுக்கு ஃபோம் வெட்டி வெச்சிட்டாரு, மேல துணி போடறதுதான் பாக்கி. நான் எடுத்துட்டுப் போயி முடிச்சிர்றேன். ஒரே ஒரு வாட்டி மேல அனுப்பிட்டு உங்ககிட்டயே குடுத்துர்றேன்."

அஞ்சலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் போடறேன்," என்றாள்.

"டீயா? வேணாம் அண்ணி, இப்பதான் குடிச்சேன்."

"றெக்கய."

பாய் அவளை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய வார்த்தைகளை எண்ணினால் பத்து தேறாது.

"வாக்குவம் போடணும் அண்ணி. எனக்கே ரெண்டு வாட்டி கெட்டுப்போச்சி."

"தெரியும் பாய். கூட இருந்து பாத்திருக்கேன்."

"சரி. வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச் சொல்லிர்றேன். வெள்ளிக்கெழம ஜும்மா தொழுதுட்டு வந்து எடுத்துக்கறேன்," என்றார்.

கூட இருந்து பார்த்தது மட்டும் இல்லை. கிரைண்டர் சத்தத்தில் கிடந்து கிடந்து புருஷோத்தமனுக்கு மெல்லிய சத்தம் எதுவும் காதில் விழாது. இந்த வேலைக்கோ காது வேண்டும். ரெசினில் நனைத்த கண்ணாடி இழைத் துணியை ஃபோமின் மேல் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, ஓரமெல்லாம் பசை நாடாவால் ஒட்டி, உள்ளே இருக்கிற காற்றைப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரால் உறிஞ்ச வேண்டும். அப்போது வெளிக்காற்று பையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தும். துணி ஃபோமோடு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பையில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் மீட்டர் முள் இறங்கிவிடும். கிளைடர் செய்ய ஆரம்பித்த முதல் வருஷம் ஒரு நாள் அவர் ஓட்டையைத் தேடிப் பையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஃபால் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து ஒரு மூலையில் விரலை வைத்தாள். முள் ஏறியது.

"எப்டிடி?"

"ஸ்ஸுன்னு கேக்குதே."

அன்றிலிருந்து பை போடுகிற நாளெல்லாம் அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். "கம்ப்ரஸரு பாய் குடுத்தது, காது எங்க மாமனார் குடுத்தது," என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கண்ணாடித் துணி நூல் பிரியாமல் வெட்டுவதும் நாளாவட்டத்தில் அவள் வேலையாயிற்று. இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் குனிந்து நிற்பார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு நேரம் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை.

கடலூரிலிருந்து மகள் சத்யப்பிரியா போன் செய்தாள். "அந்த ரூம மொதல்ல காலி பண்ணும்மா. மருந்து நாத்தத்துலயே படுத்துக் கெடக்காத. இங்க வந்துரு."

"ஞாயித்துக்கெழம ஆவட்டும்."

"ஞாயித்துக்கெழம இன்னா?"

"அப்பா செஞ்சது. ஒரு தடவ மேல போயிட்டு வந்துரட்டும்."

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு அஞ்சலாட்சி வேலையைத் தொடங்கினாள். வெயில் ஏறிவிட்டால் ரெசின் டப்பாவிலேயே சூடாகிக் கட்டியாகிவிடும். முந்தின நாளே மைலார் என்கிற வழவழப்பான பிளாஸ்டிக் தாள்களுக்கு மெழுகு தேய்த்து வைத்திருந்தாள். துணியை அளந்து வெட்டி வைத்திருந்தாள். ஃபோம் கட்டையைப் பரணிலிருந்து இறக்கினாள். றெக்கையை வெட்டும்போது மேலேயும் கீழேயும் மிஞ்சுகிற துண்டுகளை அவர் எறிய மாட்டார். றெக்கை அதற்குள்தான் படுத்திருக்கும். அழுத்தும்போது முறுக்கிக்கொள்ளாமல் அது பிடித்துக்கொள்ளும். அந்த மேல்துண்டில் நீல மார்க்கரால் 'வலது' என்று எழுதியிருந்தார், அவருக்கே உரிய சாய்ந்த எழுத்தில். அவர் எழுதியதற்குமேல் அவள் எதைப் பார்ப்பாள்?

ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் அவர் வைத்திருந்த சின்னத் தராசில் நிறுத்துக் கலந்தாள். கையுறை அவர் அளவு. விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. மைலார் தாளின் மேல் துணியை விரித்து ரெசினை ஊற்றி, பழைய ஏடிஎம் கார்டால் இழுத்து இழுத்துப் பரப்பினாள். வெள்ளைத் துணி கண்ணெதிரில் கண்ணாடியாக மாறியது. மிஞ்சின ரெசினைக் காகிதச் சுருளால் ஒற்றி எடுத்தாள். "ரெசின் அதிகமானா றெக்கையில்ல, அம்மிக்கல்லு," என்பார். முதுகுப் பக்கத்துக்கு நடுவில் கார்பன் பட்டையை நேராக வைத்தாள். ஃபோமை நடுவில் வைத்து, இரண்டு தாளையும் மூடி, துண்டுகளுக்குள் படுக்கவைத்து, பைக்குள் தள்ளி, நாடாவை அமுக்கி ஒட்டினாள்.

கம்ப்ரஸரைப் போட்டாள். பை சுருங்கிக்கொண்டே வந்து ஃபோமைக் கவ்விப் பிடித்தது. முள் பாதிவரை ஏறி நின்றது. அதற்குமேல் போகக் கூடாது, ஃபோம் நசுங்கும். கண்ணை மூடிக் காதைப் பைக்குக் கிட்டே கொண்டுபோனாள். குழாய் நுழைகிற இடத்தில் ஸ்ஸ் என்றது. ஒரு துண்டு நாடா. சத்தம் நின்றது.

அன்று முழுக்க அவள் அந்த அறையை விட்டு நகரவில்லை. பகல் பதினோரு மணிக்குக் கரண்டு போயிற்று. சட்டென்று குழாயின் வால்வை மூடினாள். இருபது நிமிஷம், முள் இம்மியும் இறங்கவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள். இதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அழுதால் கண்ணீர் பையின் மேல் விழுமோ என்று தள்ளி உட்கார்ந்து அழுதாள்.

வியாழக்கிழமை காலையில் பையைக் கிழித்தாள். மைலார் தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதன் முதுகில் தண்ணீர் மாதிரி வழிந்தது. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தாள். பிறகு அலமாரி மேலிருந்து இடது றெக்கையை எடுத்து, சுற்றியிருந்த நியூஸ் பேப்பரைப் பிரித்து, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று மேசைமேல் வைத்தாள்.

வளைந்த முதுகு மேலே இருக்க வேண்டும். தடித்த விளிம்பு முன்னால் இருக்க வேண்டும். அகலமான அடிப்பக்கங்கள் இரண்டும் நடுவில் சேர வேண்டும். புதிய றெக்கையை அப்படி வைத்தால் தடித்த விளிம்பு பின்னால் போயிற்று. திருப்பிப் போட்டாள். தடித்த விளிம்பு முன்னால் வந்தது, ஆனால் வயிறு மேலே வந்துவிட்டது. மறுபடி திருப்பினாள். எப்படி வைத்தாலும் ஒரே காலுக்கு இரண்டு செருப்பு மாதிரி இருந்தது.

நான்தான் தலைகீழாகப் போட்டுவிட்டேன் என்று முதலில் நினைத்தாள். றெக்கையை எடுத்து அந்த ஃபோம் துண்டுக்குள் வைத்துப் பார்த்தாள். அது ஒரே ஒரு விதத்தில்தான் உட்கார்ந்தது, அவள் வைத்த விதத்தில். துணி போடுகிறவரால் இடதை வலதாக்கவும் முடியாது, வலதை இடதாக்கவும் முடியாது. சூட்டுக் கம்பியால் ஃபோமை வெட்டும்போதே அது முடிவாகிவிடுகிறது. கம்பி சரியாக ஓடுவதற்காகக் கட்டையின் இரண்டு முனையிலும் குத்திவைக்கிற சன்மைக்கா அச்சுகளை வலது றெக்கைக்குப் பக்கம் மாற்ற வேண்டும். அவர் மாற்றவில்லை. மாற்றாமலே வெட்டிவிட்டு, வலது என்று எழுதியும் வைத்துவிட்டார்.

புதிதாகச் செய்கிறவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். அப்படி ஒருவன் செய்துகொண்டு பொட்டலுக்கு வந்தால், அவனை ஆறு மாதத்துக்கு 'ரெண்டு இடது' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைக்க ஆரம்பித்ததே புருஷோத்தமன்தான்.

அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஃபோமை எடுக்கப் பரணுக்கு ஏறியபோதுதான் அவர் சிலாப்பில் தலையை இடித்துக்கொண்டார். போகிக்கு மறுவாரம். புடைத்த இடத்தில் அவள் எண்ணெய் தேய்த்துவிட்டாள், "இன்னும் ரெண்டு அங்குலம் குள்ளமா பொறந்திருக்கலாம்," என்று அவர் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு நாள் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒரு நாள் டீ குடித்துவிட்டு, டீ இன்னும் வரலியா என்றார். சாயங்காலமானால் தலைவலி என்று தைலம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். வயசாவுது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "இது ஒரே நாள்ல வர்றது இல்லம்மா. மூணு நாலு வாரமா கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்கு. வீட்ல யாரும் வித்தியாசமா எதுவும் பாக்கலியா?" பார்க்கவில்லை என்று சொன்னாள். அப்போது அது உண்மை என்றுதான் நினைத்தாள். தெருவில் எந்த மருமகள் மூன்று நாளாக வெளியே வரவில்லை என்று தெரிந்தவள், மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மனுஷனைப் பார்க்கவில்லை. தலையில் இடித்துக்கொண்ட பிறகு அவர் இந்தக் கட்டையை வெட்டிய சாயங்காலம்கூட அவள் இதே அறையில்தான் இருந்தாள். கம்பி ஃபோமுக்குள் நேராகப் போகிறதா என்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சைப் பார்த்திருந்தால் போதும். "இன்னாங்க, பக்கம் மாத்தலியே," என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையிலேயே அவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். மறுநாளே டாக்டரிடம் போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு யாகூப் பாய் தொப்பியோடு வந்தார். மேசைமேல் புதிய றெக்கை இருந்தது. 'வலது' என்று எழுதியிருந்த அதன் ஃபோம் துண்டுகளைக் காலையிலேயே உடைத்துச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டிருந்தாள்.

"மாஷா அல்லாஹ், அண்ணி! அண்ணன் போட்டா மாதிரியே இருக்குதே," என்று கையில் எடுத்தார். தடவிப் பார்த்தார். இடதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவரும் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"நான்தான் பாய்," என்றாள் அஞ்சலாட்சி. குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. "அவரு சரியாத்தான் வெட்டி வெச்சிருந்தாரு. நான் போடக்கொள்ள மாத்திப் போட்டுட்டேன்."

யாகூப் பாய்க்கு இந்த வேலை தெரியும். துணி போடுகிறபோது மாறாது என்பதும் தெரியும். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"ஆமா அண்ணி," என்றார் பாய். "மாறிப்போறதுதான்." றெக்கையைப் பிள்ளையைப் படுக்கவைப்பது மாதிரி மேசையில் வைத்தார். "நான் வேற ஃபோம் வெட்டித் தரட்டா? பத்து நிமிஷ வேல."

"வேணாம் பாய். அவரு வெட்டினது பறக்கணும்னுதான் நெனச்சேன்."

பாய் தலையாட்டினார். வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற அஞ்சலாட்சிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஞாயித்துக்கெழம இல்லப்பா... இல்ல, றெக்க ஆவல... ரெண்டும் இடதாப் போச்சி... சேச்சே, அண்ணன் இல்ல. அவராவது, மாத்தி வெட்றதாவது. அண்ணிதான், தெரியாம போட்டுட்டாங்க."

போனில் அந்தப் பக்கம் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். "டேய், சிரிக்காத," என்றார் பாய்.

சிரிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.