மாரியம்மா குடிக்காத தண்ணீர்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிட என் மீது எனக்கே கோபம் அதிகம்.

அறுபதுகளில் சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. தீப்பெட்டித் தொழிலாளியின் மகள் மாரியம்மா பூப்பந்து ஆடினால் எதிரணி திணறும். அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி மதுரையில் ஒரு கல்லூரிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். கடைசியில் அங்கிருந்து ஓர் அம்மையார் அவள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். ஆட்டம் முடிந்ததுமே இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

பூரித்துப்போய் அம்மையாருக்கும் பிள்ளைகளுக்கும் தண்ணீர் கொடுத்தேன். மற்றவர்களுக்கு டம்ளரில் கொடுத்தேன். மாரியம்மாவுக்கு மட்டும் செம்பை உயரத் தூக்கிக் கையில் ஊற்றினேன். அவள் சாதிக்காரர்களுக்கு ஊரில் அப்படித்தான் ஊற்றுவார்கள். நான் யோசிக்கக்கூட இல்லை.

அவள் குடிக்கவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது. அம்மையாரிடம் திரும்பி, "உங்க காலேஜுலயும் எனக்கு இப்படித்தான் ஊத்துவீகளா?" என்று கேட்டாள்.

அம்மையார் தன் டம்ளரை அவளிடம் நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு மாரியம்மா என்னைப் பார்த்தாள்.

"பெறகு எதுக்கு டீச்சர் எனக்காக அம்புட்டுக் கடுதாசி எழுதுனீக?"

இரண்டு வருடம் அவளுக்குப் பந்து போட்டுப் பழக்கிய கை இது. ஒரு டம்ளரை எடுத்துக் கொடுக்க வரவில்லை. நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.