பூட்டண்ணன் மூடின கதவு

எங்க ஆபீஸ்ல பூட்டண்ணன்னு ஒருத்தர் இருந்தார். எதையும் திறந்து போட விடமாட்டார், அதனால அந்தப் பேரை வச்சதே நாங்கதான். காபி மெஷின் வேலை செய்யலைன்னாகூட, "என்னண்ணே, இதையும் பூட்டிட்டீங்களா?"ன்னு கேட்டுச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். வேலைன்னு வந்துட்டா மட்டும் மனுஷன் விடாக்கண்டன்.

நாங்க எழுதறது ஒரு சாஃப்ட்வேர் லைப்ரரி. மத்த கம்பெனிக்காரங்க அதைத் தங்களோட புரோகிராம்ல சேர்த்துக்குவாங்க. ஆஸ்பத்திரில மருந்துப் பொட்டலத்து மேல நோயாளி பேரு, மருந்து, வேளை எல்லாம் லேபிளா அடிக்கணும், அதுதான் அதோட வேலை. அந்த எழுத்துகளை நாங்க ஸ்ட்ரிங்னு சொல்லுவோம். ஸ்ட்ரிங்கை வெட்டறது, ஒட்டறது, அழிக்கறது எல்லாம் உள்வேலை. வெளியாளு "இந்த லேபிளை அடி"ன்னு கேட்டா போதும், அடுப்படிக்குள்ள எட்டிப் பாக்க வேண்டியதில்ல.

ஆனா வாலிப வயசுல முதல் தடவை எழுதினப்போ, வெளியாளுங்க கூப்பிடற ஃபைல்லயே உள்வேலை செய்யற பங்ஷனையும், அதாவது அந்தக் கட்டளைத் துண்டுகளையும், அண்ணன் போட்டுட்டார். "எல்லாரும் நம்ம ஆளுங்கதானேம்மா, எவன் தொடப்போறான்னு இருந்துட்டேன்"னு சொல்லுவார். தொட்டானே! பெரிய வாடிக்கையாளர் கம்பெனி ஒண்ணு நேரா உள்ள கைய விட்டுச்சு. பேரை நாங்க எழுதி, அழிச்சு, திரும்ப எழுதற அதே இடத்துலேர்ந்து எடுத்து அச்சடிச்சுது. அவங்க அடிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த நோயாளி பேரு அங்க வந்து உட்காந்துரும். சோதனைல ஒருத்தர் மருந்து மேல இன்னொருத்தர் பேரு வந்துடுச்சு. அன்னைக்கு அண்ணன் சாப்பாட்டு டப்பாவையே திறக்கல.

அந்த வருஷமே அவருக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சுது. டாக்டர் கைய விரிச்சுட்டார். முழுசா இருட்டறதுக்குள்ள உள்ளதை உள்ள, வெளியதை வெளியன்னு பிரிச்சுடணும்னு அண்ணன் ஒத்தக் கால்ல நின்னார். திரைல எழுத்தை உள்ளங்கை அகலம் பெருசாக்கி, மூக்கு இடிக்க உட்காந்து வேலை செய்வார். ஸ்ட்ரிங் வேலை மொத்தத்தையும் தனி ஃபைலுக்குக் கொண்டு போனார். வெளில கேக்கறவங்களுக்கு இனி நகல்தான், அசல் கிடையாது.

"ஓடற வண்டிய ஏன்யா நிறுத்தற?"ன்னு மேனேஜர் தினமும் அரிச்சார்.

"தப்பான வீட்டுக்குப் போற வண்டி சார்"னு சொல்லிட்டு அண்ணன் வேலையப் பார்த்தார்.

முடிச்சார், புது வெர்ஷனும் வெளியாச்சு. கொஞ்ச நாள்ல அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது. ஓய்வெடுங்கன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவர் போனதும் அந்தப் பெரிய கம்பெனி, "எங்க புரோகிராம் ஓடல"ன்னு குதிச்சுது. மாத்தி எழுதிக்கோன்னு சொல்ல நம்ம மேனேஜருக்கு முதுகெலும்பு வேணுமே! மூடினதையெல்லாம் மறுபடி திறந்து விட்டுட்டார், பாவி மனுஷன்.

நான் லேப்டாப்போட அண்ணனைப் பாக்கப் போனேன். அண்ணி தண்ணி கொண்டு வந்து வச்சாங்க. "அந்த ஃபைல் பேச்சுதான்ம்மா ராத்திரி பகலா"ன்னு அலுத்துக்கிட்டாங்க.

"அந்த வெளி ஃபைலக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டும்மா"ன்னார் அண்ணன்.

பொய் சொல்லிடலாமான்னு இருந்துச்சு. மனசு வரல. இருக்கறபடியே வாசிச்சேன். லேபிள் பங்ஷன் முடிஞ்சு முதல் ஸ்ட்ரிங் பங்ஷன் பேரு வந்ததுமே அவர் முகம் சுண்டிப்போச்சு.

"திறந்துட்டாங்களா?"

"ஆமாண்ணே."

எழுந்து சுவரைத் தடவிக்கிட்டே போய், தன்னோட ஆபீஸ் லேப்டாப்பை எடுத்து மடில வச்சுக்கிட்டார். "நான் மூடி வச்ச வெர்ஷன் ஆபீஸ்ல பத்திரமாத்தான் இருக்கும். எனக்கு எல்லாம் மனப்பாடம். நீ திரைய மட்டும் பாத்துச் சொல்லு, நான் மூடிடறேன்."

பாஸ்வேர்டு அடிச்சார். தப்புன்னு வந்துச்சு. சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா கீபோர்டைத் தடவித் தடவி மறுபடி அடிச்சார். அதுவும் தப்பு.

"பாத்தியாம்மா என் நிலமைய, இந்தக் கையும் சேர்ந்து மோசம் பண்ணுது எனக்கு"ன்னு சிரிக்கப் பார்த்தார். வேட்டில விரலைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பவும் ஆரம்பிச்சார். என்னால தாங்கல.

"உங்க கை சரியாத்தாண்ணே இருக்கு. நீங்க உள்ள போற ஆபீஸ் கணக்கைக் காலைலயே நீக்கிட்டாங்க. மெயில் வந்துச்சு."

அண்ணி வாசப்படில அப்படியே நின்னுட்டாங்க. கீபோர்டு மேல இருந்த கையை அண்ணன் எடுக்கவே இல்ல.

"அப்ப அந்த லேபிள் எல்லாம்?"

"பழையபடியே அடிச்சுக்கிட்டுதாண்ணே இருக்காங்க."